உப்புக்காற்றில் மூன்று சிடி பிளேயர்கள்

என் வெள்ளவத்தை வீட்டில் இப்போது இரண்டரை சிடி பிளேயர்கள் இருக்கின்றன. இரண்டு பாடும். அரை என்று சொன்னது, கட்டிலுக்கு அடியில் மூடி கழன்று கிடப்பதை. அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன். போன மாதம் வரை மூன்றரை இருந்தது. கொள்ளுப்பிட்டியில் இருக்கும் நண்பன் ஒருவன் மகளைப் பார்க்க ஆறு மாதம் கனடா போனான், போகும்போது தன் மராண்ட்ஸ் எஸ்ஏ-10ஐ ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "மச்சான், பூட்டின வீட்டுக்குள்ள கிடந்தா பூஞ்சணம்தான் பிடிக்கும், நீ வச்சுக் கேள்" என்று இறக்கிவிட்டுப் போனான். பதினெட்டுக் கிலோ வரும். நல்லவேளை, அன்றைக்கு எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் வேலை செய்தது.

ஆறு மாதம் ஒரே அறை, ஒரே அம்ப், ஒரே ஸ்பீக்கர், மூன்று பிளேயர். இப்படி ஒரு வாய்ப்பு இனி எனக்குக் கிடைக்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கிழவர். பிலிப்ஸ் சிடி104. 84இல் ஜேர்மனி போன மாமா அங்கே பாவித்த சாமானாக வாங்கி, 91இல் ஊருக்கு வந்தபோது துவாயில் சுற்றிக் கொண்டுவந்தது. இதற்குள் சிடியின் இலக்கங்களை இசையாக மாற்றுவது 14 பிட் சிப், டிடிஏ1540. பிட் கூடினால் அளவின் நுணுக்கம் கூடும். சிடியில் பதிவது 16 பிட், வாசிப்பது 14 பிட்டா என்று சிரிக்க வேண்டாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடிக்கு விதி வகுத்த நாட்களில் பிலிப்ஸ் 14 பிட் போதும் என்று நின்றது, சோனி 16 கேட்டது, கடைசியில் 16 வென்றது. அதற்குள் பிலிப்ஸ் கையில் 14 பிட் சிப் தயாராகிவிட்டது. என்ன செய்தார்கள் என்றால், நொடிக்கு 44,100 என்று வரும் மாதிரிகளை, அதாவது ஒலியின் அளவுகளை, நான்கு மடங்காக்கி 176,400 ஆக்கினார்கள், மிஞ்சும் பிழையைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளினார்கள், அந்த 14 பிட்டிலேயே 16 பிட்டின் தரத்தை எடுத்துவிட்டார்கள். 1982 அக்டோபரில் ஜப்பானில் வந்த சோனியின் முதல் பிளேயர் சிடிபி-101இல் 16 பிட் இருந்தும், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே சிப்தான் மாறி மாறி வேலை பார்த்தது. அரிசி குறைவான வீட்டில்தான் கணக்காகச் சமைப்பார்கள் என்று அம்மா சொல்வது இந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

கிழவரிடம் எனக்குப் பிடித்தது சத்தத்தைவிட அந்த இயந்திரம். வார்த்த உலோகச் சட்டம், அதில் ஒரு கை, கையின் நுனியில் கண்ணாடி லென்ஸ். ரெக்கோர்ட் பிளேயரின் கை மாதிரியே அது வட்டுக்குக் கீழே ஆடி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும். பல்லுச் சக்கரமும் இல்லை, தண்டவாளமும் இல்லை, தேய்வதற்கென்று அதிகம் ஒன்றுமில்லை. நாற்பது வருடமாக அதே லேசர். 2003 வாக்கில் எங்கள் பகுதியில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடையில் எழுதி வாங்கிய சிடி-ஆர்களைக்கூட முணுமுணுக்காமல் வாசிக்கிறது. அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ மட்டும் முடியாது, அது இதன் பிழையுமில்லை. கடையில் வாங்கும் அச்சடித்த சிடி லேசர் ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25. அந்த மங்கலில் பார்க்கப் பழகாத கண் இது.

அடுத்தது நெய்ம் சிடி5எஸ்ஐ. லண்டன் மச்சாள் கொண்டுவந்து தந்தது. லண்டன் பிளக் நம் சுவரில் அப்படியே ஏறும், அங்கேயும் 230 வோல்ட்தான், அடாப்டர் தொல்லை இல்லை. இதன் தட்டு மோட்டாரில் வராது. முன்பக்கம் விரலை வைத்து இழுத்தால் கதவு திறப்பதுபோல ஒரு பக்கமாக முழுசாகச் சுழன்று வெளியே வரும். வட்டை வைத்து, அதன் மேல் காந்தம் உள்ள ஒரு சின்ன வில்லையை வைத்து, கையாலேயே தள்ளி மூட வேண்டும். முதல் வாரம் எனக்கு இது பெரிய அலட்டலாகத் தெரிந்தது. இந்த விலைக்கு ஒரு மோட்டார் வைக்க முடியாதா என்று மச்சாளிடமே கேட்டேன், பாவம், அவவுக்கு என்ன தெரியும். பிறகு யோசித்தால், நம் ஊரில் சிடி பிளேயர் பழுதாகும் முதல் இடமே தட்டை இழுக்கும் ரப்பர் பட்டிதான். இந்த வெக்கையில் அது சில வருடத்தில் இளகிக் களியாகிவிடும். இதில் பட்டியும் இல்லை, களியும் இல்லை.

குறைகளும் உண்டு. டிஜிட்டல் வெளியீடு கிடையாது, இலக்கங்களை இசையாக மாற்றும் டாக் ஒன்றை வெளியே தனியாகப் பூட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இதை வாங்க வேண்டாம். எப்போதும் போட்டபடியே வைத்திருங்கள் என்பது நெய்ம் காரர்களின் புத்திமதி, அது சத்தத்துக்கு நல்லதோ இல்லையோ பெட்டி ஈரம் பிடிக்காமல் இருக்க நல்லது. ஆனால் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறிய பிறகு எங்கள் வீட்டில் அந்தப் புத்திமதிக்கு மரியாதை குறைந்துவிட்டது. அப்புறம் அந்தக் காந்த வில்லை. அது இல்லாவிட்டால் பிளேயர் பாடாது. ஒரு சனிக்கிழமை முழுக்க அதைத் தேடினோம், சோபாவைப் புரட்டினோம், குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தோம். கடைசியில் சின்னவள் தான் கீறிய யானைப் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப் பாவித்திருந்தாள். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது எஸ்ஏ-10. ஓப்பன் பட்டனை அழுத்தினால் தட்டு கலியாண வீட்டுப் பெரியவர் எழும்பி வருவதுபோல அவசரமில்லாமல், சத்தமில்லாமல் வரும். அதைப் பார்ப்பதற்காகவே வட்டு மாற்றியிருக்கிறேன், பொய் இல்லை. உள்ளே கடையில் வாங்கிப் போட்ட டாக் சிப் எதுவும் கிடையாது. சிடியில் வரும் 16 பிட் கணக்கை இவர்களே எழுதிய நிரலால் உயர்வேக ஒரு பிட் ஓட்டமாக மாற்றி, அதைப் பிறகு வடித்து இசையாக எடுக்கிறார்கள். வடிகட்டி, டிதர், நொய்ஸ் ஷேப்பர் என்று மெனுவில் தட்டிப் பார்க்க நிறைய இருக்கிறது. இரண்டு இரவு அதில் போயிற்று, மூன்றாம் இரவு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். சிடியைவிட நுணுக்கமாகப் பதியும் எஸ்ஏசிடி வட்டும் பாடும். 1999இல் வந்த அந்த வகை வட்டில் என் அலமாரியில் இருப்பது இரண்டே இரண்டு, அதற்காக இவ்வளவு பெரிய சாமான் எனக்குத் தேவையில்லை.

சரி, எது நன்றாகப் பாடியது?

கண்ணைத் திறந்துகொண்டு கேட்டால் எஸ்ஏ-10தான். யாழ்ப்பாணத்து நாதஸ்வரக் கச்சேரி ஒன்று என்னிடம் சிடியில் இருக்கிறது, தவிலுக்குப் பக்கத்திலேயே மைக் வைத்து எடுத்தது. வலந்தலையில் விரல் கூடுகள் விழும் 'டக்' கூர்மையாக, தனித்தனியாக வரும். தொப்பிப் பக்கம் கோல் விழுந்ததும் வரும் கனம் அறைக்குள் உருண்டுபோய்ச் சுவரில் நிற்கும். எஸ்ஏ-10இல் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அமைதி இன்னும் ஆழம் என்று எனக்குத் தெரிந்தது. நண்பனுக்கு அப்படியே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன், நீளமாக. அவனுக்கும் சந்தோஷம்.

உயர்தரம் படிக்கும் மூத்தவன்தான் கெடுத்தான். "அப்பா, எது பாடுதெண்டு தெரியாமக் கேட்டுச் சொல்லுங்கோ பாப்பம்" என்றான். சிடி பிளேயரின் வெளியீடு பெயருக்கு 2 வோல்ட், ஆனால் 2.3 வரை விடும் பெட்டிகளும் உண்டு. கணக்குப் பார்த்தால் அது 1.2 டெசிபெல் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு கூட' என்றுதான் எடுத்துக்கொள்ளும். கடைகளில் பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் அவன் ஆயிரம் ஹேர்ட்ஸ் ஓசை ஒன்றைச் சிடி-ஆரில் எழுதி, மூன்று பெட்டியிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளந்து, அம்ப்பின் குமிழைச் சுற்றிப் பென்சிலால் மூன்று கோடு போட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவன் மாற்றிவிடுவான், நான் பெயர் சொல்ல வேண்டும். ரயில் வந்தால் நிறுத்தம். கடற்கரைப் பாதையில் மாலை நேரத்தில் ரயிலுக்குக் குறைவில்லை என்பதால் அதற்கே இரண்டு மணித்தியாலம் போயிற்று.

பிலிப்ஸைப் பெரும்பாலும் பிடித்துவிட்டேன். அடியில் கொஞ்சம் கொழுப்பு, மேலே கொஞ்சம் மென்மை, குரலுக்கு அது பழுதில்லை, சொல்லப்போனால் பழைய படப் பாட்டுகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். நெய்மா எஸ்ஏ-10ஆ என்பதில்தான் மானம் போயிற்று. 12 தரத்தில் 7 சரி. "காசு சுண்டினாலே ஆறு வரும் அப்பா" என்று சொல்லிவிட்டு அவன் ரியூஷனுக்குப் போய்விட்டான். வட்ஸ்அப்பில் எழுதியதை அழிக்கவும் முடியாது, நண்பன் ஏற்கனவே படித்துவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. கீறல் விழுந்தாலும் வாசிக்கும்படிதான் சிடியைச் செய்தார்கள். வட்டின் பாதையில் இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தகவல் அடியோடு போனாலும் பிழைதிருத்தி அதை முழுசாகக் கட்டியெழுப்பிவிடும். அதனால் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்த்தால் கீறல் பாதையோடு பாதையாக ஓடி அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஒழுங்காக வாசிக்கும் எந்தப் பெட்டியிலிருந்தும் வருவது அதே இலக்கங்கள். பிறகு அதை இசையாக மாற்றும் சுற்று, அதுவும் இன்றைக்கு நடுத்தர விலையிலேயே மிக நன்றாக வந்துவிட்டது. அப்படியென்றால் மிச்சப் பணம் எங்கே போகிறது? வட்டைப் பிடித்துச் சுழற்றும், கண்ணை நகர்த்தும் அந்த இயந்திரத்துக்குத்தான் போகிறது, அல்லது போக வேண்டும். முதல் பாட்டில் நிமிடத்துக்கு 500 சுற்று, விளிம்புக்கு வரும்போது 200, பாட்டுப் பாட்டாக வேகம் மாறிக்கொண்டே இருக்க, 1.6 மைக்ரோன் இடைவெளிப் பாதையை அந்தக் கண் தவறவிடாமல் இருக்க வேண்டும். அதுவும் கொழும்பில், அதுவும் கடலுக்கு இருநூறு மீற்றருக்குள்.

இனிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அரை. பெயர் வேண்டாம். ஜப்பானில் பாவித்த உயர்ரகப் பெட்டி, புறக்கோட்டையில் வாங்கினேன். செம்பு நிறம், பக்கவாட்டில் மரப்பலகை, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பின்னால் 100 வோல்ட் என்று ஒட்டியிருந்தது, நம் 230ஐக் குறைத்துக் கொடுக்க ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்று வேண்டும். "தம்பி, ஸ்டெப் டவுன் ஒண்டு போட்டாச் சரி, ஜப்பான் சாமான், கல்லு மாதிரி" என்றார் கடைக்காரர். "வட்டொண்டு போட்டுக் காட்டுங்க நானா" என்றேன், போட்டார், பாடியது. நான் செய்த மடத்தனம் முதல் பாட்டோடு எழும்பினது. வீட்டுக்கு வந்து கடைசிப் பாட்டுக்குப் போனால் திக்கியது, ஒரு மாதத்தில் வட்டே இல்லை என்று சொல்லத் தொடங்கியது. ஸ்டெப் டவுன் பெட்டியின் உறுமல் வேறு, தம்புராவுக்குப் பக்கவாத்தியம் மாதிரி.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கெசட் காலத்திலிருந்து இதே தொழில். திறந்து பார்த்தார், லென்ஸைத் துடைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேசர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் காட்டி, "இதை ஆரோ முன்னமே திருகியிருக்கினம் தம்பி" என்றார். களைத்த லேசருக்கு மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டால் கொஞ்ச நாள் பாடும், விற்பதற்குப் போதும், பிறகு சீக்கிரமே செத்துவிடும். "மாத்த லென்ஸ் கிடைக்குமா அண்ணை?" என்று கேட்டேன், லேசரோடு சேர்ந்த முழுக் கண்ணையும்தான் லென்ஸ் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மேசைக்குக் கீழே இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். நிறைய லென்ஸ். சாதாரணப் பிளேயர்களுக்கு உரியவை, ஒவ்வொன்றும் இன்னும் சில ஆயிரத்துக்குக் கிடைப்பவை. என் செம்பு நிறத்தாளுக்கு உரியது மட்டும் அதில் இல்லை, எங்கேயும் இல்லை.

ஐரோப்பிய உயர்ரகப் பெட்டிகள் பலவற்றுக்குள் இருந்த பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 இயந்திரத்தின் தயாரிப்பே நின்றுவிட்டது. லின் நிறுவனம் 2009லேயே சிடி பிளேயர் செய்வதை விட்டது, ஒப்போ 2018இல் புதுப் பிளேயர் செய்வதை நிறுத்தியது. ஆகவே பாவித்த உயர்ரகப் பெட்டி பார்க்கப் போகிறவர்கள் டாக் சிப்பின் இலக்கத்தை மனப்பாடம் செய்யாமல், லேசரின் இலக்கத்தைக் கேளுங்கள். அது எங்கே கிடைக்கும், என்ன விலை, யார் மாற்றுவார். நீளமான வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கீழே குனிந்து மோப்பமும் பிடியுங்கள், சிரிக்க வேண்டாம். கொட்டாஞ்சேனை அண்ணையிடம் பழுதென்று வரும் பெட்டிகளில் அரைவாசிக்குள் கறண்ட் பகுதியில் பல்லி கருகிக் கிடக்குமாம். சூடான இடம், எறும்பும் வரும், எறும்புக்குப் பின்னால் பல்லியும் வரும்.

உப்பு அடுத்த எதிரி. எங்கள் வீட்டில் அம்ப்பின் பின்பக்கச் சொக்கெட்டுகள் வருடத்துக்கு ஒருமுறை பச்சைக் களிம்பு பிடிக்கும், தங்கமுலாம் என்று எழுதியிருந்தாலும் பிடிக்கும். எஸ்ஏ-10 வந்த ஆறு மாதமும் கமராக்காரர் செய்வதுபோல அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருந்தேன், மற்றவன் சாமான், பயம். வட்டுகளும் தப்பாது. 2001இல் பெலீஸ் நாட்டில் சிடியின் அலுமினியப் படலத்தையே தின்னும் பூஞ்சணத்தைக் கண்டுபிடித்தார்கள், அந்த நாட்டு வெக்கையும் ஈரமும் நம்முடையது மாதிரித்தான்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏ-10 வந்த புதிதில் அமெரிக்காவில் ஏழாயிரம் டொலர். 2017 தொடக்கத்தில் நம் காசுக்குச் சுமார் பத்தரை லட்சம், வரி சேர்க்காமல். 2022 மே மாதத்து 360 ரூபா டொலரில் அதே பெட்டி 25 லட்சம். நண்பன் முந்தியே வாங்கியவன், அவனுக்கு அது முதலீடு மாதிரி ஆகிவிட்டது, அப்படித்தான் அவன் மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறான். என்னிடம் அந்தப் பணம் இருந்தால்கூட வாங்க மாட்டேன். அந்தத் தட்டுக்காக ஒரு கணம் தடுமாறுவேன், பிறகும் வாங்க மாட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் மராண்ட்ஸ் சிடி6007 மாதிரி ஒன்றுக்கு மேலே போகத் தேவையில்லை. 2020இல் வந்தது, தெரிந்த டாக் சிப், ஹெட்ஃபோன் துளை, யுஎஸ்பி எல்லாம் உண்டு. மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள், அங்கே ஏற்படும் வித்தியாசத்தை என் மகனாலும் மறுக்க முடியாது.

நான் நெய்மையும் கிழவரையும் வைத்துக்கொள்கிறேன். மச்சாள் டிசம்பரில் வருகிறா. இந்த முறை சொக்லேட் வேண்டாம், நெய்முக்கு மாற்று லேசர் ஒன்று வாங்கி வாருங்கோ என்று சொல்லிக் காசும் அனுப்பிவிட்டேன், வந்ததும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு டின்னில் போட்டு மூடி வைக்கப் போகிறேன். நேற்று இரவு ஃபோன் எடுத்தா. "எயார்போட்டில கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது, லேசர் எண்டு சொன்னா பிடிச்சு உள்ளுக்க போடமாட்டினமோ?" லென்ஸ் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.